கோடும் எழுத்தும்

நுழையும்முன்

செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலைகளில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. வாயில்களில் பெயர்ப்பலகைகள், சரக்குந்துகளின் பக்கங்களில் நிறுவன முத்திரைகள், அட்டைப்பெட்டிகளில் பலவகை எழுத்துகள். அவற்றை நாள்தோறும் காண்கிறோம். வரைந்தவர் யார் என்று கேட்பதில்லை. வரைந்தவரின் பெயர் மறைய, வரைந்த பொருள் மட்டும் நிலைக்கும் தொழில் வரைகலை. அத்தொழிலில் மாதம் 80 ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பின்னாளில் உலகம் போற்றும் திரைக்கலைஞரானார். சத்யஜித் ரே என்னும் அக்கலைஞரின் வாழ்வை, அவர் இறுதிவரை கைவிடாத தூரிகையின் வழியே இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அச்சுக்கூடமே விளையாட்டுக்களம்

சத்யஜித் ரே 1921 மே 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திர கிஷோர் ரே சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், வயலின் இசைப்பவர். இவை எல்லாவற்றையும்விட அச்சுக்கலையில் அவர் செய்த ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. தம் கதைகளுக்கு வரைந்த படங்கள் அச்சில் சிதைந்து வருவதைக் கண்டு வருந்திய அவர், தாமே அச்சுமுறைகளைக் கற்றார். சொந்தமாக அச்சகம் நிறுவினார். 1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். தந்தை சுகுமார் ரே, சிரிப்பும் கற்பனையும் கலந்த சிறுவர் பாடல்களால் வங்க இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றவர். அவரும் இங்கிலாந்து சென்று அச்சுத்தொழில்நுட்பம் பயின்றவரே.

கல்கத்தாவின் கர்ப்பார் சாலையிலிருந்த அவ்வீட்டிலேயே அச்சகமும் இயங்கியது. தாளும் மையும் கற்பூரத்தைலமும் கலந்த மணத்தில் குழந்தைப்பருவம் கழிந்தது. தாம் கிறுக்கிய தாள்களை எடுத்துச்சென்று, இதழில் வெளியிடுமாறு அச்சகப் பணியாளரிடம் கொடுப்பது அக்குழந்தையின் விளையாட்டு.

அந்த விளையாட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. 1923இல் கருங்காய்ச்சல் நோயால் தந்தை மறைந்தபோது சத்யஜித்துக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் நொடித்தது, வீடு கைவிட்டுப்போனது. தாய் சுப்ரபா மகனுடன் தம் உடன்பிறந்தார் இல்லத்திற்குச் சென்றார். கைவேலைகளைக் கற்பிக்கும் ஆசிரியப் பணியேற்று மகனை வளர்த்தார். பாட்டனாரின் அச்சகம் போயிற்று. எழுத்தையும் படத்தையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் மட்டும் பேரனிடம் தங்கிற்று.

சாந்திநிகேதனில் பெற்ற பார்வை

மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று பட்டம் பெற்ற ரே, தாயின் வற்புறுத்தலால் 1940இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்தார். கிராமப்புறச் சூழலில் வாழ அவருக்கு முதலில் விருப்பமில்லை. ஆயினும் அங்குப் பெற்ற பயிற்சி அவருடைய பார்வையை மாற்றியது. நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகிய பேராசிரியர்கள், பொருளின் புறத்தோற்றத்தைப் படியெடுப்பதைவிட அதன் உயிரோட்டத்தைச் சில கோடுகளில் பிடிப்பதே ஓவியம் என உணர்த்தினர். சீன, சப்பானியத் தூரிகைக்கலையின் நுட்பங்கள் அறிமுகமாயின. அசந்தா, எல்லோரா, எலிபெண்டா ஆகிய இடங்களுக்கு மேற்கொண்ட பயணம் இந்திய மரபின் ஆழத்தைக் காட்டியது.

ஆயினும் ஐந்தாண்டுப் படிப்பை அவர் முடிக்கவில்லை. தம்மிடம் இருப்பது பெரும் ஓவியருக்குரிய ஆற்றலன்று என்று அவரே கணித்துக்கொண்டார். இளமையில் தம் எல்லையைத் தாமே அறிந்து சொல்வது எளிதன்று. தாயின் உழைப்பில் வளர்ந்தவருக்கு வருவாயும் இன்றியமையாததாக இருந்தது. 1942இன் இறுதியில் கல்கத்தா திரும்பிய அவர், விளம்பரத்துறையைத் தேர்ந்தெடுத்தார்.

விளம்பரத்தில் விளைந்த கலை

1943இல் டி. ஜே. கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் ரே பணியில் சேர்ந்தார். விற்கவேண்டிய பொருளைப் படமாகவும் எழுத்தாகவும் ஒரு பக்கத்துக்குள் கற்பனை செய்து காட்டுவதே பணி. விளம்பரம் வணிகத்துக்கானது, அதில் கலைக்கு இடமில்லை எனக் கருதி அவர் ஒதுங்கவில்லை. வங்காளப் பெண்கள் வாசலில் இடும் மாக்கோலங்கள், நாட்டுப்புற வடிவங்கள், தூரிகையெழுத்து ஆகியவற்றை விளம்பரங்களுக்குள் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் கலை இயக்குநராக உயர்ந்தார்.

அலுவலகத்தில் கிட்டாத உரிமை நூல்வடிவமைப்பில் கிட்டியது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய டி. கே. குப்தா 'சிக்னெட் பிரஸ்' என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, நூல்களை அழகுறச் செய்யும் பொறுப்பை ரேயிடம் ஒப்படைத்தார். நேரு அகமதுநகர்ச் சிறையில் எழுதிய 'இந்தியாவின் கண்டுபிடிப்பு' நூல் 1946இல் ரே வரைந்த அட்டைப்படத்துடன் அப்பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது.

ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலிகளைப் பற்றிய நூலுக்கு அவர் செய்த அட்டை இன்றும் பேசப்படுகிறது. அதில் பாய்ந்து வரும் புலியும் இல்லை. துப்பாக்கி ஏந்திய மனிதனும் இல்லை. நூலின் முன்னும் பின்னும் புலித்தோலின் வரிகள் போர்த்தியிருக்கும். முன்னட்டையில் குண்டு துளைத்த சிறிய துளை. பின்னட்டையில் அது வெளியேறிய துளை, முன்னதைவிடப் பெரியது. உடலைத் துளைத்துச் செல்லும் குண்டு வெளியேறும் இடத்தில் புண்ணைப் பெரிதாக்கும் என்னும் உண்மையை உணர்ந்து செய்த வடிவம் அது. நூலைப் புரட்டிப் பார்க்கும் கை, அறியாமலேயே வேட்டையின் கதையைப் படித்துவிடுகிறது.

கவிதைநூல்களுக்கு வேறுவகை அணுகுமுறை தேவைப்பட்டது. ஜீவனானந்த தாஸ் போன்ற கவிஞர்களின் நூல்களுக்கு வங்க எழுத்துகளைத் தூரிகையால் எழுதி, எழுத்தின் வளைவையே படமாக்கினார். எந்த நூலுக்கு எந்தக் கோடு பொருந்தும் என்பதை அறிய, அந்நூலை முழுதும் படிக்கவேண்டும். வடிவமைப்பாளருக்குரிய இக்கடமைதான் அவரைத் திரைப்படத்துக்கு அழைத்துச் சென்றது.

நூலிலிருந்து திரைக்கு

விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' புதினத்தின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் பணி ரேயிடம் வந்தது. அதற்காகப் புதினத்தைப் படித்தபோது, வறுமையிலும் வாழ்வின் வியப்பை இழக்காத அப்பு, துர்கா என்னும் இரு குழந்தைகள் அவர் மனத்தில் குடியேறினர். மழையில் ஒருவரையொருவர் அணைத்தபடி நிற்கும் குழந்தைகள் போன்ற காட்சிகளை மரச்செதுக்கோவியம் போன்ற பாணியில் வரைந்தார். அப்படங்கள் சில ஆண்டுகளுக்குப்பின் திரையில் அசையப்போகும் காட்சிகளின் முன்வடிவங்களாயின.

1947இல் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படக் கழகத்தை அமைத்தார். 1950இல் கீமர் நிறுவனம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. சென்றது விளம்பரப் பயிற்சிக்கு. சில மாதங்களில் அவர் பார்த்துத் தீர்த்தவையோ 99 திரைப்படங்கள். அவற்றுள் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' அவருடைய ஐயங்களைப் போக்கியது. தொழில்முறை நடிகர்களின்றி, உண்மையான தெருக்களில், குறைந்த செலவில் ஓர் உயர்ந்த படத்தை எடுக்கமுடியும் எனத் தெளிந்தார். கப்பலில் திரும்பும்போதே 'பதேர் பாஞ்சாலி'க்கான குறிப்புகளை எழுதத் தொடங்கினார்.

முழுமையான திரைக்கதை ஏடு அப்படத்துக்கு இல்லை. காட்சிகளை வரிசையாக மையால் வரைந்த ஓவியக் குறிப்பேடே இருந்தது. தயாரிப்பாளர்கள் பலரிடம் அதைக் காட்டினார். பாட்டும் ஆட்டமும் இல்லாத படத்துக்குப் பணம்போட எவரும் முன்வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படம்

ஆயுள்காப்பீட்டின்மீது கடன் பெற்றுப் படப்பிடிப்பைத் தொடங்கினார் ரே. வேலையை விடவில்லை. வாரநாள்களில் விளம்பரம், ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்பு என்று காலம் சென்றது. 1952 அக்டோபர் 27ஆம் நாள் வெண்ணிற நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் முதற்காட்சி எடுக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை எடுக்க அடுத்த ஞாயிறன்று சென்றபோது வெளி வெறுமையாகக் கிடந்தது; இடைப்பட்ட நாள்களில் மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டன. அக்காட்சியை நிறைவுசெய்ய மறுபடியும் பூக்கும் பருவம்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

பணம் தீர்ந்தபோது தம் நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குச் சென்றன. பலமுறை படப்பிடிப்பு நின்றது. வளரும் சிறுவனின் குரல் உடைந்துவிடுமோ, முதிய நடிகை சுனிபாலா தேவி மறைந்துவிடுவாரோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. இறுதியில் மேற்கு வங்க அரசு உதவியது. தலைப்பில் 'பாதை' என்னும் பொருள் இருந்ததால், அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது.

1955இல் வெளியான 'பதேர் பாஞ்சாலி', 1956இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணத்துக்கான விருதைப் பெற்றது. தொடர்ந்து வந்த 'அபராஜிதோ' 1957இல் வெனிசு விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்றது. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்வளித்த விளம்பரப் பணியிலிருந்து ரே அக்காலத்திலேயே விடைபெற்றார்.

கைவிடாத தூரிகை

பணியை விட்டாரே தவிர, அப்பணி கற்பித்த தொழிலை விடவில்லை. தம் படங்களின் சுவரொட்டிகளையும் தலைப்பெழுத்துகளையும் அவரே வரைந்தார். மருமகளைத் தெய்வமாக்கி வழிபடும் மூடநம்பிக்கையைக் கண்டிக்கும் 'தேவி' படத்தின் சுவரொட்டியில், நாயகியின் முகம் ஒருபாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் அமைந்தது. மானுடப் பெண்ணுக்கும் கற்பிக்கப்பட்ட தெய்வத்துக்கும் இடையிலான போராட்டம் அம்முகத்திலேயே விளங்கும். உடைகள், அரங்கப் பொருள்கள், கேமராக் கோணங்கள் ஆகியவற்றைச் சிவப்புத்துணிக் கட்டமைந்த குறிப்பேடுகளில் முன்னதாகவே வரைந்துவைப்பது அவர் வழக்கம்.

1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயவுடன் இணைந்து 'சந்தேஷ்' இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். பாட்டனார் தொடங்கி, தந்தை வளர்த்து, நின்றுபோன இதழ் அது. அதற்காகக் கதை எழுதினார், படம் வரைந்தார், தலைப்பெழுத்துகளைப் புதிது புதிதாக அமைத்தார். சிறுவர் விரும்பும் துப்பறிவாளர் ஃபெலுதாவும் அறிவியலாளர் சங்குவும் அவ்விதழின் தேவைக்காகப் பிறந்தவர்களே. 'ஏக்ஷண்' என்னும் இலக்கிய இதழின் அட்டைகளில், இதழின் பெயரிலுள்ள மூன்று வங்க எழுத்துகளை மட்டுமே கொண்டு ஒவ்வொரு முறையும் புதிய கோலம் அமைத்தார். உரோமன் எழுத்துக்கும் எழுத்துருக்கள் படைத்தார். அவற்றுள் 'ரே ரோமன்', 'ரே பிசார்' ஆகிய இரண்டும் 1971இல் பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றன.

தெரிந்து தெளிவோம்

ஒளிப்படத்தில் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே பல சாயல்கள் உண்டு. அச்சு இயந்திரமோ மையை இடும் அல்லது இடாது. இடைப்பட்ட சாயல் அதற்குத் தெரியாது. படத்தைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகப் பிரித்து அச்சிட்டால், கண்ணுக்குச் சாயல்களாகத் தோன்றும். இம்முறையை இந்தியாவில் வளர்த்த முன்னோடி ரேயின் பாட்டனார் உபேந்திர கிஷோர். அவருடைய ஆய்வுக்கட்டுரைகள் இங்கிலாந்தின் அச்சுத்துறை ஆண்டுமலரில் வெளிவந்தன.

தமிழ் மண்ணுடன் உறவு

ரேயின் கலைக்குத் தமிழகத்துடனும் தொடர்பு உண்டு. பாட்டனாரின் கதையைத் தழுவி 1969இல் அவர் இயக்கிய 'கூப்பி கைன் பாகா பைன்' படத்தில் புகழ்பெற்ற பேய்நடனம் இடம்பெறுகிறது. நால்வகைப் பேய்களின் ஆட்டத்துக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகிய தென்னிந்தியத் தாளக்கருவிகளையே அவர் பயன்படுத்தினார்.

1935இல், பதினான்கு வயதில், கல்கத்தாவில் பாலசரசுவதியின் பரதநாட்டியத்தைக் கண்டார் ரே. அக்காட்சி நாற்பது ஆண்டுகள் அவர் மனத்திலிருந்து நீங்கவில்லை. தமிழ்நாடு அரசும் தேசிய நிகழ்த்துகலை மையமும் இணைந்து தயாரிக்க, 1976இல் 'பாலா' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். கடற்கரையில் காற்று ஆடையை அலைக்கழிக்க, ஐம்பது வயதைக் கடந்த அக்கலைஞர் அபிநயிக்கும் காட்சி அதன் சிகரம். சாகித்திய அகாதெமி விருதுபெறும் தமிழ் எழுத்தாளர்கள் கையில் ஏந்தும் பட்டயத்தை வடிவமைத்தவரும் ரேயே.

ஆசிரியருக்குச் செய்த சிறப்பு

கலாபவன ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜி பிற்காலத்தில் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆயினும் கைகளின் தொடுவுணர்வால் தாளை வெட்டி ஒட்டியும் ஓடுகளைப் பதித்தும் படைப்பதை நிறுத்தவில்லை. அவரைப் பற்றி 1972இல் 'அகக்கண்' எனப் பொருள்படும் தலைப்பில் ரே ஆவணப்படம் எடுத்தார். ஓவியராக இயலாதெனக் கருதிப் பாதியில் வெளியேறிய மாணவர், தமக்குப் பார்க்கக் கற்பித்த ஆசிரியருக்குச் செலுத்திய நன்றியே அப்படம்.

1983இல் மாரடைப்பு ரேயின் வேகத்தைத் தளர்த்தியது. நடமாட்டம் குறைந்த காலத்திலும் எழுதுவதையும் வரைவதையும் அவர் நிறுத்தவில்லை. 1992இல் வாழ்நாள் சாதனைக்கான ஆசுகர் விருது மருத்துவமனைப் படுக்கைக்கே வந்தது. அதே ஆண்டில் பாரத ரத்னா விருதும் வழங்கப்பட்டது. 1992 ஏப்ரல் 23ஆம் நாள் தம் எழுபதாம் வயதில் அவர் மறைந்தார்.

பிழைப்புக்கான தொழில் வேறு, மனத்துக்கினிய கலை வேறு என இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சலிப்பையும் மற்றொன்றில் ஏக்கத்தையும் வளர்ப்போர் பலர். ரே அவ்வாறு பிரிக்கவில்லை. விளம்பரப் பக்கத்துக்காகப் பழகிய கை நூலட்டையை வரைந்தது. நூலுக்காக வரைந்த கை திரைப்படத்தை ஆக்கியது. திரையில் புகழ்பெற்ற பின்னும் அதே கை சிறுவர் இதழுக்கு எழுத்து வரைந்தது. எத்தொழிலை ஏற்கும் இளைஞரும் எண்ணிப்பார்க்கத்தக்க வாழ்வு இது.

மதிப்பீடு

குறுவினா
1. 'சந்தேஷ்' இதழுக்கும் ரேயின் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு யாது?
2. 'பதேர் பாஞ்சாலி'க்காகச் செலவிடப்பட்ட அரசுப்பணம் எக்கணக்கில் எழுதப்பட்டது? ஏன்?

சிறுவினா
1. குமாவுன் புலிகள் நூலின் அட்டை, சொற்களின்றிக் கதை கூறுவதை விளக்குக.
2. ரேயின் படைப்புகளில் தென்னிந்தியக் கலைகள் பெற்ற இடத்தை எழுதுக.

நெடுவினா
வருவாய்க்கான தொழிலே ரேயின் கலைக்கு அடித்தளமாயிற்று என்பதைச் சான்றுகளுடன் நிறுவுக.