டார்வினுக்குக் கடிதம் எழுதிய வாலஸ்

பரிணாமக் கொள்கை என்றதும் டார்வின் பெயர்தான் நினைவுக்கு வரும். அதே கொள்கையைத் தாமாகவே கண்டறிந்த இன்னொருவரும் உண்டு. அவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்.

வேல்ஸில், அஸ்க் என்ற ஊரருகே 1823 ஜனவரி 8-ல் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போய், 14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணனுடன் நிலம் அளக்கப் போனார். புதிய ரயில் பாதைகளுக்கும் சர்வே செய்தார். மற்றதெல்லாம் தாமே படித்துக்கொண்டதுதான்.

1848-ல் நண்பர் பேட்ஸுடன் அமேசான் காட்டுக்குச் சென்றார். பறவைகளையும் பூச்சிகளையும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பி விற்பது பிழைப்பு. 1852-ல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு சாம்பலாயிற்று. பத்து நாள் படகில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் கண்ணில் பட்டது. மற்றவராயிருந்தால் கடல் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்! வாலஸோ 1854-ல் மலாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டு, எட்டு ஆண்டுகள் சுற்றினார்.

அங்கே 1858 பிப்ரவரியில் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது, என்றோ படித்த மால்தஸின் மக்கள்தொகை நூல் நினைவுக்கு வந்தது. பிராணிகள் ஏராளமாகக் குட்டி போட்டும் தொகை பெருகிக்கொண்டே போவதில்லை. இரையின்றியும் நோயாலும் பெரும்பாலானவை மடிகின்றன. பிழைப்பவை எவை? ஓர் ஈற்றுக் குட்டிகள்கூட அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. சூழ்நிலைக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தியது தப்பிப் பிழைத்து, அந்தத் தன்மையைத் தன் வாரிசுக்கும் தருகிறது. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்தை நீட்டிக்கொள்ளவில்லை. இயல்பிலேயே கழுத்து சற்று நீண்டவை உயரத்துத் தழையைத் தின்று பஞ்சத்தைத் தாண்டின. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் இனமே மாறிவிடும்.

இதைக் கட்டுரையாக்கி, டெர்னேட் தீவிலிருந்து டார்வினுக்கே அனுப்பினார். டார்வின் திடுக்கிட்டார். 1844-லேயே இதே கருத்தை விரிவாக எழ்தி வைத்தும் அவர் வெளியிடவில்லை. நண்பர்கள் லயலும் ஹூக்கரும் தலையிட்டு, இருவர் எழுத்தையும் 1858 ஜூலை 1-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கச் செய்தனர். டார்வினுடையது முதலில்! வாலஸைக் கேட்கவே இல்லை. டார்வின் எதையும் திருடவில்லை என்றாலும், இது முழு நியாயம் ஆகாது.

வாலஸ் குறைப்படவில்லை. 1889-ல் தம் நூலுக்கே டார்வினிஸம் என்று பெயரிட்டார். நிரந்தர வேலை கிடைக்காமல், தேர்வுத்தாள் திருத்தியும் காலம் தள்ளிய அவருக்கு 1881-ல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைத்தது. அதற்காக முன்நின்று முயன்றவர் டார்வின்தான். மறு ஆண்டு டார்வின் மறைந்தபோது சவப்பெட்டியுடன் சென்றவர்களில் வாலஸும் ஒருவர். அவர் தமது 90-ஆம் வயதில், 1913 நவம்பர் 7-ல் காலமானார்.