பச்சை ரத்தமும் பேய் எழுதிய சிலேட்டும்... எதையும் சோதித்துப் பார்த்த ரே லங்கெஸ்டர்!

ரத்தம் என்ன கலர்னு கேட்டா, யோசிக்காம சிவப்புன்னு சொல்லிடுவீங்க. ஏன் சிவப்புன்னு கேட்டா, அதுல இரும்பு இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் வரும். ஆனா, அதே இரும்பை வெச்சுக்கிட்டு பச்சை ரத்தத்தோடு வாழும் கடல் புழுக்கள் இருக்கின்றன தெரியுமா? அந்தப் பச்சைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் எட்டிப் பார்த்தவர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர். பெயர் எட்வின் ரே லங்கெஸ்டர்.

1847-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா டாக்டர், மைக்ரோஸ்கோப் பிரியர். பின்னாளில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியாகவும் இருந்தார். ஜான் ரே என்ற பழைய இயற்கை ஆய்வாளரின் நினைவாகத்தான் மகனுக்கு அந்தப் பெயர். வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளிகள் யார் தெரியுமா? டார்வினும் ஹக்ஸ்லியும்! நம்ம வீட்டுக்கு மாமா, சித்தப்பா வர்ற மாதிரி. அந்த வீட்டில் வளர்ந்த பையன் பூச்சி, புழு பக்கம் போனதில் ஆச்சர்யமே இல்லை.

வெளிச்சம் சொன்ன ரகசியம்

1860-களில் விஞ்ஞானிகள் கைக்கு வந்த புது பொம்மை, ஸ்பெக்ட்ராஸ்கோப். வெளிச்சத்தை வானவில்லாகப் பிரித்துக் காட்டும் கருவி. ஒரு திரவத்தின் வழியாக வெளிச்சத்தை அனுப்பினால், வானவில்லில் சில இடங்கள் மட்டும் கறுப்புப் பட்டையாக மறைந்துபோகும். எந்தப் பொருள் என்பதைப் பொறுத்துப் பட்டைகள் விழும் இடம் மாறும். கிட்டத்தட்ட கைரேகை மாதிரி.

லங்கெஸ்டர் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு மண்புழு, நத்தை, கடல் புழு என்று ஒவ்வொன்றின் ரத்தத்தையும் சோதித்தார். முதுகெலும்பு இல்லாத பல உயிர்களிலும் நம் ரத்தத்தில் இருக்கும் அதே ஹீமோகுளோபின் இருப்பது தெரிந்தது. பிறகு, கடலடியில் குழாய் கட்டி, தலையில் இறகு விசிறி போல விரித்துக்கொண்டு வாழும் புழுக்களின் பக்கம் வந்தார். அவற்றின் ரத்தம் பச்சை என்பது முன்பே தெரிந்த விஷயம். அது என்ன பொருள் என்பதுதான் கேள்வி.

கறுப்புப் பட்டைகள் ஹீமோகுளோபினின் இடத்தில் விழவில்லை. ஆனால், ஆக்சிஜன் சேரும்போதும் பிரியும்போதும் ஹீமோகுளோபினைப் போலவே இதிலும் பட்டைகள் மாறின. அப்படியென்றால், இது வேறு பொருள். ஆனால் அதே குடும்பம். குளோரோகுருவோரின் என்று பெயர் வைத்தார். இன்னொரு வேடிக்கை, இந்த ரத்தம் மெல்லிய படலமாக இருந்தால் பச்சை. அடர்த்தியாகச் சேர்ந்தால் சிவப்பு!

பின்னாளில் வேதியியலாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது, அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. ரெண்டிலும் நடுவில் ஓர் இரும்பு அணு, அதைச் சுற்றி ஒரு வளையம். அந்த இரும்பில்தான் ஆக்சிஜன் வந்து உட்காரும். வளையத்தின் ஓரத்தில் தொங்கும் ஒரே ஒரு சின்னத் தொகுதிதான் வேறு. அவ்வளவுதான் வித்தியாசம். கலரே மாறிப்போச்சு.

அளவு இன்னும் ஆச்சர்யம். நம் ஹீமோகுளோபின் 4 புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. சிவப்பணுவுக்குள் பத்திரமாக இருக்கும். இந்தப் புழுக்களிலோ அது எந்தச் செல்லுக்குள்ளும் இல்லாமல் ரத்தத்தில் நேரடியாக மிதக்கிறது. சின்னதாக இருந்தால் கசிந்து வெளியே போய்விடும் அல்லவா? அதனால் நூற்றுக்கும் மேற்பட்ட சங்கிலிகள் சேர்ந்து, இரண்டு மாடி அறுகோணக் கட்டடம் போல நிற்கின்றன. எடை, நம் ஹீமோகுளோபினைப் போல 50 மடங்குக்கும் மேல்.

பேயைப் பிடித்த புரொபசர்

1874-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர். அந்த நேரத்தில் ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்கர் லண்டனைக் கலக்கிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் சிலேட்டைப் பிடித்தால், இறந்தவர்களின் ஆவி வந்து அதில் எழுதும் என்றார். படித்தவர்களும் காசு கொடுத்து நம்பினார்கள். பரிணாமக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து உலகுக்குச் சொன்ன வாலஸ் உட்பட!

1876 செப்டம்பரில் டாக்டர் நண்பர் டான்கினோடு லங்கெஸ்டரும் போய் உட்கார்ந்தார். ஆவி எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே சிலேட்டைப் பறித்துப் பார்த்தார். எழுத்து ஏற்கெனவே இருந்தது! வழக்கு கோர்ட்டுக்குப் போனது. செலவுக்கு டார்வின் சத்தமில்லாமல் 10 பவுண்டு அனுப்பினார். ஸ்லேட்டுக்கு 3 மாதம் கடுங்காவல் தண்டனை.

ஆனா கதை அங்க முடியலை. மேல்முறையீட்டில், குற்றச்சாட்டின் வாசகத்தில் சில வார்த்தைகள் விடுபட்டதைக் காட்டித் தண்டனை ரத்தானது. ஸ்லேட் நாட்டை விட்டே கிளம்பிவிட்டார். உண்மை ஜெயிச்சதா? பாதிதான்.

மார்க்ஸின் நண்பர், மியூசியத்தின் எதிரி

1880-ல் கார்ல் மார்க்ஸுடன் பழக்கமானார். மார்க்ஸின் மனைவி ஜென்னிக்கு வைத்தியம் பார்க்க டான்கினை அனுப்பியவரும் இவர்தான். 1883-ல் மார்க்ஸை ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்தபோது நின்றவர்கள் ஒரு டஜன்கூட இருக்க மாட்டார்கள். அதில் ஒருவர் லங்கெஸ்டர்.

அடுத்த ஆண்டே கடல் உயிரியல் சங்கம் தொடங்க முன்னால் நின்றார். 1888-ல் பிளிமத் துறைமுக நகரில் சங்கத்தின் ஆய்வகம் திறக்கப்பட்டது. கடலோரத்திலேயே உட்கார்ந்து புழுவையும் மீனையும் உயிரோடு ஆராய ஓர் இடம் வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறியது. அந்த ஆய்வகம் இன்றும் இயங்குகிறது.

1898-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர். அங்கே நிர்வாகத்தோடு ஓயாத சண்டை. மனதில் பட்டதை அப்படியே பேசிவிடும் ஆள். கோபமும் ஜாஸ்தி. 1907-ல் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அதே ஆண்டில் சர் பட்டமும் வந்தது. வேலை போன மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. நாளிதழில் எளிய அறிவியல் தொடர் எழுத ஆரம்பித்தார். சாதாரண மக்கள் காத்திருந்து படித்தார்கள்.

கடைசியில் அவரும் ஏமாந்தார்

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். அறுபது வயதைத் தாண்டியபின், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் கிடைத்த சில கற்களை மிகப் பழங்கால மனிதன் செதுக்கிய கருவிகள் என்று அடித்துச் சொன்னார். மறுத்தவர்களோடு மல்லுக்கட்டினார். அவை மனிதக் கை படாமல் இயற்கையாகவே உடைந்த கற்கள் என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. அடுத்தவர் கையில் இருந்த சிலேட்டைப் பறித்துப் பார்த்தவர், தன் கையில் இருந்த கல்லை அதே சந்தேகத்தோடு பார்க்கவில்லை.

இதனால் அவர் சின்னவராகிவிட மாட்டார். புழுவின் ரத்தத்தில் பச்சையைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவது போதாது என்று கருவியை எடுத்தாரே, அந்தப் பழக்கம்தான் அவருடைய சொத்து. அதே ஆளுக்குக்கூட மனசுக்குப் பிடித்த விஷயத்தில் அந்தப் பழக்கம் கைவிட்டது. அப்போ, ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டில் நமக்குப் பிடிச்சது இருந்தா, இன்னும் ஒரு தடவை கூடுதலா செக் பண்ணணும். சரிதானே?

1929-ல் தன் 82-வது வயதில் லங்கெஸ்டர் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் கடல் புழு ரத்தத்தின் கதை அவரோடு முடியவில்லை. கடற்கரை மணலைத் துளைத்து வாழும் லக்வார்ம் என்ற புழுவின் ஹீமோகுளோபினும் அதே மாடிக் கட்டடம்தான். நம்முடையது ஒரே நேரத்தில் 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தூக்கும். அது 156 வரை தூக்கும்! தானம் பெற்ற சிறுநீரகம் நோயாளியைப் போய்ச் சேரும் வரை மூச்சுத் திணறாமல் இருக்க, பிரான்ஸில் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை பீச்சுக்குப் போகும்போது, ஈர மணலில் சின்னச் சின்ன ஓட்டை தெரிஞ்சா மிதிச்சுட்டுப் போயிடாதீங்க. ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. லங்கெஸ்டராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.