எஸ்தர் ஹவ்லண்ட் அம்மையாரும் எங்கள் வாழ்த்து அட்டையும்



இந்த மலருக்கு சாதனைப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு கூட்டமைப்பில் கேட்டாங்க. ஜான்சி ராணி, முத்துலட்சுமி ரெட்டி அம்மா பற்றியெல்லாம் மற்ற குழுக்காரங்க எழுதிடுவாங்க. நான் எழுதப்போறது கடல் தாண்டி, ரொம்ப காலத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு அம்மாவைப் பற்றி. அவங்க பேரு எஸ்தர் ஹவ்லண்ட். நம்ம பக்கம் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனா அமெரிக்காவில் வாழ்த்து அட்டைத் தொழில் என்றாலே முதலில் சொல்ற பேருகளில் இவங்க பேரும் ஒண்ணு.

எங்க குழுவும் கையால வாழ்த்து அட்டை செய்யுது. ராஜபாளையத்தில் நடந்த ஒரு பயிற்சியில் டீச்சரம்மா இவங்க கதையை அஞ்சு நிமிஷம் சொன்னாங்க. அப்புறம் காலேஜ் படிக்கிற என் மகளை உட்காரவச்சு, கிடைச்சதையெல்லாம் படிச்சுச் சொல்லச் சொன்னேன். கேட்கக் கேட்க, இது நம்ம கதை மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு.

எஸ்தர் 1828-ம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஊஸ்டர் நகரத்தில் பிறந்தாங்க. அப்பா புத்தகக் கடையும் எழுதுபொருள் கடையும் வச்சிருந்தார். அம்மா சும்மா இருந்தவங்க இல்லை. சிக்கனமா குடும்பம் நடத்துறது எப்படின்னு ஒரு சமையல் புத்தகம் எழுதி, அது அந்தக் காலத்தில் நன்றாக விற்றிருக்கு. காகிதமும் கணக்கும் எழுத்தும் இருந்த வீட்டில்தான் எஸ்தர் வளர்ந்தாங்க.

பெண்களுக்கு மேல்படிப்பே அரிதாக இருந்த காலம் அது. மேரி லயான் என்ற அம்மையார் ஊர் ஊராகப் போய், பெண்களிடம் சிறு சிறு தொகையாக நன்கொடை சேர்த்து, 1837-ல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்விக்கூடத்தைத் தொடங்கியிருந்தாங்க. எஸ்தர் அங்கேதான் படிச்சு 1847-ல் முடிச்சாங்க. அந்தக் கல்விக்கூடத்தில் சமைக்கிறது, பாத்திரம் கழுவுறது, துணி வெளுக்கிறது எல்லாம் படிக்கிற பிள்ளைகளே செய்யணும். ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை, அதைப் பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. எஸ்தர் பின்னாடி செய்த காரியத்துக்கு விதை அங்கேயே விழுந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

படிப்பு முடிச்ச வருஷம், இங்கிலாந்தில் செய்த ஒரு வாழ்த்து அட்டை அவங்க கைக்கு வந்துச்சு. அப்பாவோடு வியாபாரத் தொடர்பு உள்ள ஒருவர் அனுப்பியது. பிப்ரவரி மாதம் அன்பைச் சொல்லிக் கொடுக்கிற காதலர் தின அட்டை. (இதை நான் குழுக் கூட்டத்தில் சொன்னபோது மதினிமார் எல்லாம் வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. பொங்கல் வாழ்த்து என்று நினைச்சுக்கோங்கன்னு சொன்னேன்.) அதில் பூ வேலை செய்த ஜரிகை மாதிரி காகிதம், வண்ணப் பூக்கள், நடுவில் சின்ன வாசகம். எல்லோரும் பார்த்து ரசிச்சிருப்பாங்க. எஸ்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் காகிதத்துக்கு மேல் எது ஒட்டியிருக்குன்னு கவனிச்சாங்க. இதைவிட நல்லதா நம்மால் செய்ய முடியும்னு முடிவு பண்ணினாங்க.

அந்த ஜரிகைக் காகிதம் எப்படிச் செய்வாங்கன்னு தெரிஞ்சா நம்ம டை வெட்டு வேலை சுலபமா விளங்கும். உலோக அச்சின் மேல் காகிதத்தை வைத்து அழுத்துவாங்க. மேடு மேடாக எழும்பி நிற்கிற இடங்களை அரம் மாதிரி ஒன்றால் தேய்ப்பாங்க. தேய்த்த இடம் உதிர்ந்து ஓட்டை விழும். மிச்சம் இருப்பதுதான் ஜரிகை. இன்றைக்கு நாங்க கையால் சுற்றுகிற சின்ன உருளை மிஷினில், அட்டைக்கு மேல் டையை வைத்து அழுத்தினால் ஒரே சுற்றில் பூ வெட்டி விழுந்திடும்.

எஸ்தர் அப்பாவிடம் கேட்டு இங்கிலாந்திலிருந்து ஜரிகைக் காகிதமும் வண்ணக் காகிதமும் வரவழைச்சாங்க. ஒரு டஜன் மாதிரி அட்டை செய்தாங்க. கடைச் சரக்குக்கு ஆர்டர் எடுக்க ஊர் ஊராகப் போகிற அண்ணன் தம்பிமாரில் ஒருவரிடம் அதைக் கொடுத்து விட்டாங்க. 200 டாலருக்கு ஆர்டர் கிடைச்சா பெரிசு என்று நினைச்சிருந்தாங்க. திரும்பி வந்தவர் கொண்டுவந்தது 5,000 டாலருக்கு மேல் ஆர்டர்! நினைச்சதைப் போல் 25 மடங்கு.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. ஆர்டர் வந்துருச்சு என்று சந்தோஷப்படுறதா, எப்படி முடிச்சுக் கொடுப்போம்னு பயப்படுறதா? நமக்கும் கல்லூரிச் சந்தையில் கடை போட்டு வரும்போது இதே கதிதானே.

எஸ்தர் தோழிமார்களைக் கூப்பிட்டாங்க. தன் வீட்டு மாடியிலேயே நீளமான மேசை போட்டு உட்காரவச்சாங்க. ஒருத்தி படங்களை வெட்டுவாங்க, ஒருத்தி அடித்தாள் எடுத்து வைப்பாங்க, அடுத்தவங்க ஜரிகை ஒட்டுவாங்க, அடுத்தவங்க பூ வைப்பாங்க. அட்டை கை மாறி கை மாறிப் போய் கடைசியில் எஸ்தர் கண்ணுக்கு வரும். வீட்டை விட்டு வர முடியாதவங்களுக்கு ஒரு பெட்டியில் வேண்டிய சாமானையும் பார்த்துச் செய்ய ஒரு மாதிரியையும் வைத்து அனுப்பி, ஒரு வாரம் கழிச்சு ஆள் விட்டு வாங்கிக்கிட்டாங்க. கூலியும் தாராளமாகக் கொடுத்ததாகச் சொல்றாங்க. ஊர்ப் பத்திரிகையில் 1850 பிப்ரவரியில் அவங்க அட்டைக்கு விளம்பரமும் வந்துச்சு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தபால் கட்டணம் குறைஞ்சது அவங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. சாமானிய சனங்களும் அட்டை வாங்கி அனுப்ப ஆரம்பிச்சாங்க.

அமெரிக்காவில் இந்த அட்டையை முதன்முதலில் செய்தவங்க இவங்கதான் என்று சொல்ல முடியாது, முன்னாடியே சிலர் செய்திருக்காங்க. ஆனா இதைப் பெண்கள் கையால் ஒரு பெரிய தொழிலாக ஆக்கிக் காட்டினவங்க இவங்க. வருஷத்துக்கு 75,000 டாலருக்கும் மேல் வியாபாரம் ஆனதாகச் சொல்வாங்க.

இப்போ எங்க கதைக்கு வர்றேன். எங்க குழுவில் 12 பேர். முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க. சுழல் நிதியோடு வங்கிக் கடனும் வாங்கி அட்டைத் தொழில் தொடங்கினப்போ, ஆளுக்கு ஒரு அட்டையை முழுசாகச் செய்தோம். ஒருத்தி செய்தது கோணலா இருக்கும், ஒருத்தி செய்தது அழகா இருக்கும். ஆனா கூலி ஒண்ணு. அதுல மனத்தாங்கல். அதுக்கு மேல முதல் பெரிய ஆர்டரிலேயே ஒரு இடி விழுந்துச்சு. சிவகாசியில் அச்சாபீஸ் வெட்டுத்துண்டு மலிவாகக் கிடைக்குதேன்னு வழவழப்பான ஆர்ட் அட்டையை வாங்கிட்டு வந்தேன். வாங்கினது நான்தான். ரப்பர் ஸ்டாம்பை வைத்துக் குத்தினோம். அந்த அட்டை மை குடிக்காது. மை மேலேயே நின்னு, அடுக்கி வைத்ததும் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டி இழுவிருச்சு. 200 அட்டை வீண். அந்த மாதத் தவணை கட்ட, சேமிப்பிலிருந்து உள்கடன் எடுத்தோம். குழுவே உடைஞ்சு போயிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தர் அம்மா கதையைக் கேட்டேன். வேலையைப் பிரிச்சுக்குவோம்னு கூட்டத்தில் சொன்னதும் ஒரு அக்கா கோபப்பட்டாங்க. தீப்பெட்டி ஆபீசில் ஒருத்தி கட்டை அடுக்க, ஒருத்தி லேபிள் ஒட்ட, ஒருத்தி டஜன் போட என்று காலமெல்லாம் செய்தோமே, அதையே இங்கேயும் கொண்டு வர்றியா, இதுக்கா குழு வைத்தோம்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. ரெண்டு நாள் தூக்கம் இல்லை.

யோசிச்சுப் பார்த்தா அந்த அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்துச்சு. தீப்பெட்டி ஆபீசில் நமக்கு வலிச்சது வேலையைப் பிரிச்சது இல்லை. பண்டல் என்ன விலைக்குப் போகுது, யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று நமக்குத் தெரியாததுதான். அதனால் தீர்மானப் புத்தகத்தில் மூணு விஷயம் எழுதினோம். வேலையைப் பிரிக்கிறது, ஆனா மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறி உட்காருவது. வாங்கின விலை, விற்ற விலை ரெண்டையும் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பது. புதுக் காகிதம், புது மை எது வந்தாலும் அஞ்சு அட்டையில் குத்தி ஒரு நாள் காயவைத்துப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குவது. இப்போ வழவழப்பு இல்லாத அட்டைதான் வாங்குறோம். மடிக்கிற இடத்தில் முதலில் கோடு அழுத்திக்கிறோம். மழைக்காலத்தில் ஸ்டாம்ப் குத்தினதைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுறோம்.

எஸ்தர் வாழ்க்கையில் 1866-ல் ஒரு சோதனை வந்துச்சு. பனியில் சறுக்கி விழுந்து முழங்காலில் பலத்த அடி. ரொம்ப நாள் சக்கர நாற்காலியில்தான் இருந்தாங்க. அப்பவும் தொழிலை விடலை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலையைப் பார்த்துக்கிட்டாங்க. 1870 வாக்கில் நியூ இங்கிலாந்து வேலண்டைன் கம்பெனி என்று பெயர் வைத்து நடத்தினாங்க. எங்க குழுவிலும் ஒரு பெரியம்மாவுக்கு மூட்டு வலி. படி ஏறி வர முடியாது. எஸ்தர் மாதிரியே ஒரு பிஸ்கட் டப்பாவில் வெட்டின பூ, பசை, மாதிரி அட்டை எல்லாம் வைத்து அவங்க வீட்டுக்கு அனுப்புறோம். முத்து ஒட்டுறதில் இன்றைக்கு அவங்களை மிஞ்ச ஆள் இல்லை.

எஸ்தர் செய்த இன்னும் ரெண்டு காரியம் சொல்லணும். அவங்க அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் ஹெச் என்ற எழுத்து சின்னதாக இருக்கும், அவங்க பேரின் முதல் எழுத்து. யார் செய்ததுன்னு தெரியணும் இல்லையா. நாங்க கொஞ்ச நாள் ஒரு கடைக்கு அட்டை கொடுத்தோம். அவங்க பின்னாடி தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்றாங்க. நாங்க வாயைத் திறக்கலை. இப்போ ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் குழு பேரும் ஆலங்குளம் என்ற ஊர்ப்பேரும் ரப்பர் ஸ்டாம்பில் குத்திட்டுத்தான் கொடுக்கிறோம். அது வேண்டாம் என்றால் ஆர்டரும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டாச்சு.

ரெண்டாவது, 1879-ல் 131 வாசகங்களை அச்சடிச்சு ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டாங்க. அட்டை பிடிச்சிருக்கு, உள்ளே இருக்கிற வாசகம் பிடிக்கலையா? புத்தகத்திலிருந்து பிடிச்ச வாசகத்தை எடுத்து மேலே ஒட்டிக்கலாம். வாங்குறவங்க மனசு அறிஞ்ச வியாபாரம்! நாங்களும் உள்பக்கத்தை வெறுமையா விட்டு, பொங்கல், அறுபதாம் கல்யாணம், வளைகாப்பு, பூப்புனித நீராட்டு என்று தனித்தனி வாசகச் சீட்டு வைத்திருக்கிறோம். ஒரே அட்டை நாலு விசேஷத்துக்கு ஆகுது, சரக்கு தேங்குறது இல்லை.

கடைசிப் பகுதியைப் படிக்கும்போதுதான் எனக்கு மனசு கனத்துப் போச்சு. அப்பா நோயில் விழுந்தார். அவரைப் பார்த்துக்க ஆள் வேணும். எஸ்தர் கல்யாணம் செய்துகொள்ளலை. முப்பது வருஷத்துக்கும் மேல் வளர்த்த கம்பெனியை 1880-ஐ ஒட்டி அதே தொழிலில் இருந்த ஜார்ஜ் விட்னி என்பவருக்கு விற்றுட்டு, அப்பாவைக் கவனிக்கப் போயிட்டாங்க. 1904-ல் இறந்தாங்க. விட்னி கம்பெனி அதன் பிறகும் 1942 வரை நடந்துச்சு. எஸ்தர் அட்டைகள் இன்றைக்கும் காட்சிக்கூடங்களில் பத்திரமா இருக்கு.

அன்பைச் சொல்லும் அட்டையை ஆயிரம் ஆயிரமாகச் செய்து கொடுத்த பெண், கடைசியில் அப்பாவுக்காகத் தன் தொழிலை விட்டுக்கொடுத்தாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். நம்ம வீடுகளிலும் மாமனார் படுத்துட்டா, மகள் பிரசவத்துக்கு வந்துட்டா, முதலில் நிற்கிறது நம்ம வேலைதான். ஆனா எஸ்தர் கம்பெனி ஒரே ஆள் தோளில் நின்னுச்சு. அவங்க விலகினதும் கை மாறிப்போச்சு. நம்ம குழு அப்படி இல்லை. போன வருஷம் என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு, நான் நாலு மாசம் மேசைப் பக்கமே போகலை. கணக்கை ஒருத்தி பார்த்தாங்க, காகிதம் வாங்க ஒருத்தி சிவகாசிக்கு பஸ் ஏறினாங்க. என் பங்கு வேலைக்கு ஒரு பெட்டி என் வீட்டு வாசலுக்கே வந்துச்சு. மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ராத்திரியில் பூ ஒட்டினேன். அன்றைக்குக் கோபப்பட்ட அக்காதான் அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தவங்க.

அதனால் என் வேண்டுகோள் ஒண்ணுதான். உங்க குழுவில் எல்லாம் தெரிஞ்ச ஒருத்தி இருந்தா, அவங்களுக்குத் தெரிஞ்சதை இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க. ஒரு மாசம் அவங்க வராவிட்டாலும் மேசை ஓடணும்.