செம்புராங்கல்லுக்குப் பெயர் வைத்த புக்கானன்

1800 ஏப்ரல் 23 அன்று பிற்பகல், சென்னையிலிருந்து ஒரு மருத்துவர் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். நல்ல வெயில் காலம், நிலமெல்லாம் காய்ந்து கிடந்தது. மறுநாள் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்தார். இரண்டு மேட்டு நிலங்களுக்கு நடுவே கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள், வங்காளத்துக் குளங்களைப் போலத் தோண்டவில்லை என்று குறித்துக்கொண்டார். மழை பொய்த்தாலும் 32 கிராமங்களுக்கு 18 மாதம் தண்ணீர் தரும் ஏரி இது என்று அவருக்குச் சொன்னார்கள். அதையும் எழுதினார். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், பிறகு காஞ்சிபுரம். இன்று கார் தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்திருக்கும் ஒரகடத்துக்குச் சற்று வடக்கே போன பாதை அது.

அவர் பெயர் ஃபிரான்சிஸ் புக்கானன். 1762இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவமும் தாவரவியலும் படித்தார். கப்பல் மருத்துவராகச் சில காலம் கடலில் திரிந்துவிட்டு, 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பர்மாவுக்குத் தூதுக்குழுவுடன் அனுப்பப்பட்டார். வைத்தியம் பார்த்ததைவிடச் செடி, மீன், மண் பார்த்ததுதான் அதிகம் என்று சொல்லலாம்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன வரி தேறும் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இவரை அனுப்பினார். ஆகவே புக்கானனை உழவர்களின் நண்பர் என்று நான் சொல்ல மாட்டேன். நம் உழவு முறையைப் பல இடங்களில் அவர் குறைத்தே மதிப்பிட்டார். ஆனால் கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. ஊர் ஊராகத் தங்கி, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, விதை அளவு, விளைச்சல், குத்தகை, கூலி எல்லாவற்றையும் விசாரித்தார். மண்ணின் வகைகளை அந்தந்த ஊர் உழவர் அழைத்த பெயரிலேயே பதிவு செய்தார். மண் வகைப்பாட்டு வேலையில் இது முதல் பாடம். இன்றும் வரைபடத்தோடு கிராமத்துக்குப் போகும் அலுவலர் பலர் இதைச் செய்வதில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் மலபாரில் உள்ள அங்காடிப்புரத்துக்கு வந்தார். இப்போது கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அங்கே வீடு கட்டுவதற்கு மண்ணையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்குள் இருக்கும்வரை அது மிருதுவாக இருந்தது. இரும்புக் கருவியால் சதுரம் சதுரமாகச் சீவ முடிந்தது. வெளியே எடுத்துக் காற்றில் போட்டால் செங்கல் போல இறுகிவிட்டது. பிறகு மழைக்கும் கரையவில்லை. சிவப்பும் மஞ்சளும் கலந்து, துளைகள் நிறைந்து, இரும்பு மிகுந்திருந்தது. ஊர் மக்கள் அதைச் செங்கல் கல் என்ற பொருளில் இட்டிகைக் கல் என்றார்கள். அதே பொருளில் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்ற பெயரை அவர் உருவாக்கினார். 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பயண நூல் வழியாக அந்தப் பெயர் உலகெங்கும் போயிற்று. நம்மூரில் செம்புராங்கல் என்கிறோம். உதிர்ந்து கிடந்தால் சரளை.

அவர் நிறத்தை மட்டும் வைத்துப் பெயரிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டினால் என்ன ஆகிறது, காய்ந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்.

பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. 1802இல் நேபாளம் போனார். 1807 முதல் 1814 வரை வங்காளத்தையும் பீகாரையும் மாவட்டம் மாவட்டமாக ஆய்வு செய்தார். 1814இல் ராக்ஸ்பரோவுக்குப் பின் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் ஆனார். உடல் நலம் இடம் கொடுக்காததால் அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார். எத்தனையோ ஆண்டு சேர்த்த படங்களை எடுத்துச் செல்ல அரசாங்கம் அனுமதிக்கவில்லை. தாய்வழிச் சொத்து வந்ததால் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1829இல் இறந்தார்.

அவர் வைத்த பெயர்தான் சீரழிந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் வெப்ப மண்டலத்தில் சிவப்பாக இருந்த மண்ணையெல்லாம் லேட்டரைட் என்று எழுதத் தொடங்கினார்கள். இறுகுவது, இறுகாதது, ஏற்கெனவே இறுகியது எல்லாமே ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது அடையாள அடுக்கு முறை. அமெரிக்க மண் ஆய்வாளர் கை ஸ்மித் தலைமையில் 1960இல் வரைவாகவும், 1975இல் முழு நூலாகவும் வந்தது அது. மேல்மண்ணை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது, குழி வெட்டி, கீழே எந்த அடுக்கு, எவ்வளவு கனத்தில், என்ன குணத்தோடு இருக்கிறது என்று அளந்துதான் வைக்க வேண்டும் என்பது அதன் விதி. உதாரணத்துக்கு, மேலிருந்து களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு ஒரு செம்மண்ணில் இருக்கும், பக்கத்துச் செம்மண்ணில் இருக்காது. மேலே இரண்டும் ஒரே நிறம்தான். ஆனால் வெவ்வேறு வகுப்பு.

அந்த நூலில் லேட்டரைட் என்ற சொல்லைக் கைவிட்டு, பிளிந்தைட் என்று புதிதாக வைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்கும் செங்கல் என்றே பொருள்! திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்தால் மீளாமல் கல்லாகிவிடும், இரும்பு மிகுந்த மண் என்பது அதன் விளக்கம். சுற்றி வளைத்து அங்காடிப்புரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். உலக மண் வகைப்பாட்டில் இதுவே ஒரு தனி அடையாள அடுக்கு. 1979இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அங்காடிப்புரத்தில் புக்கானனுக்கு நினைவுக்கல் நட்டது. லேட்டரைட் கல்லில்தான்.

ஒரகடம் பக்கத்து விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? சென்னையைச் சுற்றிச் சரளைப் படிவுகள் பரவலாக உண்டு. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்ததும் ஒரு சரளைக் குழியில்தான். இப்போது இந்தப் பகுதியில் பிளாட் போடவும் சாலை போடவும் மேல்மண்ணும் கிராவலும் லாரி லாரியாகப் போகின்றன. மேலே இருக்கும் இரண்டடி மண்ணை விற்றுவிட்டால் பள்ளம் மட்டும்தான் மிஞ்சும் என்று நினைக்கிறோம். கீழே இறுகும் அடுக்கு இருந்தால், வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு அது பாறையாகிவிடும். வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. எருவோ சுண்ணாம்போ போட்டு அதை மறுபடி மண்ணாக்க முடியாது. இரும்பும் அலுமினியமும் மிகுந்த இத்தகைய மண் மணிச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மண்வள அட்டையில் இது தெரியாது. அதற்கான மாதிரி பெரும்பாலும் மேல் 15 செ.மீ. ஆழத்தில்தான் எடுக்கப்படுகிறது. எனவே நிலத்தைச் சமன் செய்வதற்கு முன்பு, அல்லது மண் எடுக்க விடுவதற்கு முன்பு, நாலடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். சிவப்பும் மஞ்சளும் சாம்பல் நிறமும் திட்டுத் திட்டாகத் தெரியும் அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மண்வெட்டியில் எளிதாக வெட்டுப்படும் ஈரக் கட்டிகள் சிலவற்றை எடுத்துச் சில வாரங்கள் மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, நனைத்து, மறுபடி காயவிடுங்கள். கடைசியில் ஒரு கட்டியை வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். சேறாகக் கரைந்துவிட்டால் கவலை இல்லை. கல்லாக நின்றால், பொக்லைனை இறக்குவதற்கு முன் உங்கள் பகுதி வேளாண் அலுவலரை வரவழைத்து அந்தக் குழியைக் காட்டுங்கள்.