ஜாதிக்காய்க்குக் கொடுத்த விலை

பிரியாணிக்கு மணம் கூட்டுவது ஜாதிக்காய். கைக்குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும் பாட்டிமாரும் அதைத் தேடுவார்கள். அஞ்சறைப் பெட்டியின் ஓரத்தில் கிடக்கும் அந்தச் சிறு கொட்டைக்காக ஒரு தீவுக் கூட்டமே சுடுகாடானது என்றால் நம்புவீர்களா? அந்தப் பாவக் கணக்கில் நம் பழவேற்காட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. கணக்கை எழுதியவர் யான் பீட்டர்சூன் கூன் என்ற டச்சுக்காரர்.

கணக்கு கற்ற சிறுவன்

ஹாலந்து தேசத்தில் ஹோர்ன் என்னும் துறைமுகப் பட்டினத்தில் 1587-ம் ஆண்டு பிறந்தவர் கூன். சிறு வயதிலேயே ரோமாபுரிக்குச் சென்று, ஒரு வர்த்தகரிடம் வேலை பார்த்துக் கணக்கு எழுதப் பழகினார். வரவும் செலவும் ஒரு காசு பிசகாமல் எழுதும் வித்தை அவருக்குக் கைவந்தது. 1607-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து கப்பலேறினார்.

அந்நாளில் ஜாதிக்காய் விளைந்த இடம் உலகிலேயே ஒன்றுதான். இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பாண்டாத் தீவுகளே அவை. அங்கே அற்பக் காசுக்கு வாங்கிய சரக்கு ஐரோப்பாவில் பல மடங்கு விலை போயிற்று. பிளேக் நோயை விரட்டும் என்றுகூட ஜனங்கள் அதை நம்பினார்கள். ஆனால் பாண்டாவாசிகள் யார் நல்ல விலை தந்தாலும் விற்றார்கள். டச்சுக்காரருக்கு மட்டுமே விற்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. 1609-ல் டச்சுத் தளபதி ஒருவரை அவர்கள் கொன்றபோது, அந்தக் கப்பற்படையோடு சென்றிருந்த இளைஞர் கூன். அதை அவர் மறக்கவில்லை.

தீவு அழிந்தது

படிப்படியாக உயர்ந்து கவர்னர் ஜெனரலான கூன், 1619-ல் ஜாவாவில் ஜயகர்த்தா நகரை அழித்து, அதன் மேல் பத்தாவியாவை நிறுவினார். அதுவே இன்றைய ஜாகர்த்தா. 1621-ல் பெரும் படையுடன் பாண்டாவில் இறங்கினார். ஊர்த் தலைவர்கள் 44 பேரை, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். மற்றவர்கள் வாளாலும் பட்டினியாலும் மாண்டார்கள். அல்லது சிறைப்பட்டும் தப்பியோடியும் போனார்கள்.

மரங்கள் நின்றன, காய் பறிக்க ஆள் இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தன் பழைய ஊழியர்களிடம் ஒப்படைத்தது கம்பெனி. வேலை செய்ய அடிமைகளை வாங்கி அனுப்பும்படி பல கரைகளுக்கும் உத்தரவு பறந்தது. அவற்றுள் ஒன்று சோழமண்டலக் கரை.

பழவேற்காட்டுக் கப்பல்கள்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிக் கோட்டைக்குப்பம் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. பெயரிலேயே கோட்டை! டச்சுக்காரர் 1613-ல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இந்தப் பழவேற்காட்டில்தான் இருந்தது. நம் நெசவாளர் நெய்த துணிகளை இங்கே வாங்கிக் கிழக்கே கொண்டுபோய், அவற்றைக் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்குவது கம்பெனியின் வழக்கம்.

துணி ஏறிய துறையிலேயே மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்சமும் போரும் வந்த காலங்களில், பசி தாளாமல் பிள்ளைகளை விற்றவர்கள் உண்டு. தம்மையே விற்றுக்கொண்டவர்கள் உண்டு. தரகர்கள் பிடித்து வந்தவர்களும் உண்டு. 1621 முதல் பல பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கும், அங்கிருந்து பாண்டா முதலிய தீவுகளுக்கும் போனார்கள். வழியிலேயே இறந்தவர் பலர். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் கம்பெனிக்காரர்களின் பெயர்களை இன்றும் காணலாம். கப்பலேறிய ஏழைகளுக்கு ஒரு கல்லும் இல்லை.

யார் குற்றவாளி?

கூன் 1629-ல் பத்தாவியாவில் நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. பாண்டாவில் அவர் செய்தது கொஞ்சம் அதிகம் என்று கம்பெனி எஜமானர்களே முணுமுணுத்தார்கள். ஆனாலும் வெகுமதி கொடுத்தார்கள். சொந்த ஊர் 1893-ல் அவருக்குச் சிலை வைத்தது. இந்த நூற்றாண்டில் ஊரார் சிலர் ஆட்சேபித்த பிறகு, அவருடைய கொடுமைகளையும் சொல்லும் பலகை ஒன்று அங்கே வைக்கப்பட்டது.

பழி முழுவதையும் கூன் தலையில் சுமத்திவிட்டால் நமக்கு நிம்மதிதான். ஆனால் அந்த ஜாதிக்காயை வாங்கியவர்கள் யார்? ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் இருந்த சாதாரணக் குடும்பத்தார். கம்பெனியின் பங்குகளை வாங்கியவர்களில் வீட்டு வேலைக்காரப் பெண்கள்கூட இருந்தார்கள். அவர்கள் யாரும் கத்தி எடுக்கவில்லை. விலை என்ன, லாபம் எவ்வளவு என்று கேட்டார்களே தவிர, பறித்த கை யாருடையது என்று கேட்கவில்லை. அந்த மௌனம்தான் கூனின் பலம்.

கேட்டால் பலன் உண்டா? உண்டு. 1791-ல் இங்கிலாந்தில், அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாம் என்று குடும்பம் குடும்பமாக ஒதுக்கினார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் அப்படி விட்டார்கள் என்று கணக்கிட்டார் கிளார்க்ஸன் என்ற சீர்திருத்தவாதி. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது. சர்க்கரையை விட்டவர்கள் மட்டுமே அதைச் சாதிக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமலும் அது நடக்கவில்லை.

இது பழங்கதை என்று எண்ணவேண்டாம். நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்குப் பிறகும், பழவேற்காடு அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில், வாங்கிய முன்பணத்துக்காக அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். அங்கே அவித்த நெல்தான் யாரோ ஒருவர் வீட்டு உலையில் சோறாகியிருக்கும்; அங்கே அறுத்த கல்தான் யாரோ ஒருவர் வீட்டுச் சுவராகியிருக்கும்.

கடையில் அரிசி வாங்கும்போது புழு இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்க்கிறோம். எந்த ஆலை, அங்கே கூலி ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கடைக்காரரிடம் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் ஆலைக்காரரிடம் கேட்டே ஆகவேண்டும்.