சீதாவாக்கை கண்ட மாயாதுன்னை

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் பயணம் செய்வோர் அவிசாவளையைக் கடந்தே செல்வர். சப்பிரகமுவத் தோட்டங்களிலே பிறந்து, கல்வியும் தொழிலும் நாடி வெளியேறிய நம் பழைய மாணவர் பலருக்கு அவ்வூர் நன்கு பழகியதே. ஆயினும், சீதாவாக்கை என்னும் இராச்சியம் அவ்விடத்தே தோன்றி, ஓங்கி, மறைந்த வரலாற்றை நினைப்பவர் சிலரே. அதனைத் தோற்றுவித்த மாயாதுன்னையின் வாழ்வை இம்மலரிலே சுருங்கக் கூறக் கருதினோம்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கோட்டையில் அரசு புரிந்தவன் விஜயபாகு. அவனுக்குப் புவனேகபாகு, இறைகம பண்டாரன், மாயாதுன்னை என மைந்தர் மூவர். மன்னனோ இளைய மனைவியின் மகனுக்கு முடிசூட்ட எண்ணினான். அதையறிந்த மூவரும் தலைநகரை நீங்கி, மலைநாட்டு அரசனின் துணைப்படையோடு திரும்பினர். 1521இல் அரண்மனை சூறையாடப்பட்டது, தந்தை கொலையுண்டான். விஜயபாக் கொள்ளை என வரலாறு குறிப்பது இக்கொடுஞ்செயலையே.

நாடு மூன்று கூறாயிற்று. மூத்தவன் கோட்டையையும் பேரரசன் என்னும் பட்டத்தையும் பெற்றான். நடுவன் இறைகமவை அடைந்தான். இளையவனுக்குக் கிடைத்தது கடற்றுறையற்ற உள்நாடு. இன்றைய சப்பிரகமுவத்தின் மலையும் காடும் இரத்தினம் விளையும் நிலமும் அதில் அடங்கின. ஆற்றுவழியே களனிப் பள்ளத்தாக்கில் இறங்கிக் கோட்டையைத் தாக்கலாம். இடர் வந்தால் மலைக்குள்ளே பின்வாங்கலாம். அத்தகைய இடத்தைத் தன் தலைநகராக்கிய மாயாதுன்னையின் மதிநுட்பம் பாராட்டத்தக்கது.

புவனேகபாகுவுக்கு ஆண்மகவு இல்லை. ஆதலின் தமையனுக்குப்பின் அரசுரிமை தனக்கே எனத் தம்பி நம்பினான். தமையனோ தன் மகள் வயிற்றுப் பேரன் தர்மபாலனுக்கு முடியை அளிக்க விரும்பி, 1518இல் கொழும்பிலே கோட்டை கட்டியிருந்த போத்துக்கேயரின் துணையை நாடினான். தம்பி கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படையை அழைத்தான். 1538இல் இறைகம பண்டாரன் இறக்க, அவன் நாட்டையும் மாயாதுன்னை தன்னோடு சேர்த்துக்கொண்டான். அதே ஆண்டில் வேதாளைக் கரையிலே கள்ளிக்கோட்டைக் கப்பற்படை போத்துக்கேயரிடம் தோற்றது. அடுத்த ஆண்டிலே, சமாதானத்துக்கு விலையாக, தனக்கு உதவ வந்த கள்ளிக்கோட்டைத் தலைவர்களின் தலைகளைக் கொய்து பகைவரிடம் ஒப்புவித்தான். அவன் வாழ்விலே இது நீங்கா மாசு. வீரனைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் முறையன்று.

1543இல் தர்மபாலனின் பொற்சிலைக்கு லிஸ்பனிலே முடிசூட்டப்பட்டது. 1551இல் புவனேகபாகு களனியிலே போத்துக்கேயத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். 1557இல் தர்மபாலன் கிறித்தவ மதத்தைத் தழுவி, விகாரை நிலங்களைப் பாதிரிமாருக்கு வழங்கினான். அதனாற் குடிகளின் உள்ளம் கோட்டையை விட்டுச் சீதாவாக்கையை நாடிற்று. உடன்பிறந்தார் பூசலிலே ஒரு பங்காகப் பிறந்த நாடு, சுதேச மக்களின் புகலிடமாக மாறியது இவ்வாறே. படைவலிமை மட்டும் ஓர் இராச்சியத்தை ஆக்குவதில்லை. குடிகளின் நம்பிக்கையே அதற்கு உயிர் என்பதை இதனால் அறிகிறோம்.

மாயாதுன்னையின் மகன் திக்கிரி பண்டாரன் 1559இல் முல்லேரியாவிலே போத்துக்கேயரை முறியடித்து, இராஜசிங்கன் எனப் புகழ்பெற்றான். 1565இல் போத்துக்கேயர் கோட்டையைக் கைவிட்டுத் தர்மபாலனுடன் கொழும்புக்குள் ஒடுங்கினர். அறுபது ஆண்டு ஆண்டு முதிர்ந்த மாயாதுன்னை 1581இல் மறைந்தான். மகனே தந்தையைக் கொன்றான் எனச் சூளவம்சம் பழி கூறும். வரலாற்றாசிரியர் பலர் அதனை ஐயுறுவர்.

இராஜசிங்கன் சைவத்தைத் தழுவினான். சிவனொளிபாதமலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் விட்டான். அவன் எழுப்பியதாகக் கருதப்படும் பெரெண்டிக் கோவிலின் கருங்கற் சிதைவுகள் அவிசாவளை அருகே உள்ளன. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வருவதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுதியிலே சிவவழிபாடு அரசமதிப்புப் பெற்றிருந்தமைக்கு அக்கற்கள் சான்று பகரும்.

கண்டியையும் வென்று, 1587இல் கொழும்பை முற்றுகையிட்ட இராஜசிங்கனால் அக்கோட்டையைக் கைப்பற்ற இயலவில்லை; அவனிடம் போதிய கடற்படை இல்லை. 1593இல் அவன் இறக்கவே, உட்பூசல் தலைதூக்கிச் சீதாவாக்கை விரைவிற் சிதைந்தது. தந்தையும் மகனும் இருவராய் எழுப்பிய அரசைத் தாங்க மூன்றாமவன் தோன்றவில்லை.

மாயாதுன்னை நாட்டுப்பற்றாளனோ, பதவி வேட்கையனோ? இரண்டும் அவனிடம் இருந்தன என்பதே நம் துணிபு. அந்நியரை எதிர்த்து நின்றவன் அவனே. தமையனை அந்நியரின் அணைப்பிலே தள்ளியதும் அவன் பகையே. மூவரும் ஒருவராய் நின்றிருப்பின் கொழும்பிலிருந்த சிறு கோட்டை பெருநாட்டை விழுங்கியிராது. பழைய மாணவர் சங்கமாயினும் பாராளும் மன்றமாயினும், பங்குக்குப் பிணங்குவோர் முழுமையை இழப்பர். அவிசாவளையைக் கடக்கும் இளைஞர் ஒருகணம் இதனைச் சிந்திப்பாராக.