தற்கொலை தனிமனிதப் பிரச்சினை மட்டும்தானா? எமில் துர்கைம் கண்டறிந்தது என்ன?

ஒருத்தர் தற்கொலை செய்துகொண்டார்னு கேள்விப்பட்டா, அவருக்கு என்ன பிரச்சினைன்னுதான் முதல்ல கேட்போம். அவரைச் சுற்றியிருந்த சமூகம் எப்படி இருந்தது என்று கேட்டவர் எமில் துர்கைம்.

யார் இவர்?

1858இல் பிரான்ஸின் எபினால் நகரில் யூத மதகுருவின் மகனாகப் பிறந்தார். குடும்ப வழியில் போகாமல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். அங்கு கிடைத்த நெருங்கிய நண்பர் விக்டர் ஓமே, 1886இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அது தற்கொலையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

என்ன செய்தார்?

1887இல் போர்தோவில் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு தற்கொலை பற்றிய அரசுப் புள்ளிவிவரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அக்கா மகன் மார்செல் மோஸ் சுமார் 26,000 மரணப் பதிவுகளை வகைப்படுத்திக் கொடுத்தார். 1897இல் நூல் வெளியானது. குடும்பம், பிள்ளைகள் என்று பிணைப்பு இருந்த இடங்களில் தற்கொலை குறைவு. திடீர் நஷ்டத்தில் மட்டுமில்லை, திடீர் வளர்ச்சியிலும் அது கூடியது. உறவு ரொம்பத் தளர்ந்தாலும் ஆபத்து, ரொம்ப இறுகினாலும் ஆபத்து என்பதே அவர் முடிவு.

முதல் உலகப்போரில் 1915 டிசம்பரில் ஒரே மகன் ஆந்த்ரே இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து துர்கைம் மீளவே இல்லை. 1917 நவம்பரில், 59 வயதில் காலமானார்.

இன்றைக்கும் பொருந்துமா?

பக்கத்துத் தீவான இலங்கையைப் பாருங்க. 1995இல் அங்கே ஒரு லட்சம் பேரில் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளுக்கு அரசு அடுத்தடுத்துத் தடை போட்டது. 2005க்குள் விகிதம் பாதியானது.

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரங்க, மருந்தை வீட்டிலேயே பூட்டி வைத்தால் போதாதான்னு கேட்கலாம். அதையும் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவுப்படி, பூட்டுப் பெட்டியால் பலன் தெரியவில்லை.

அதாவது, வீட்டுக்கு வீடு பொறுப்பைத் தள்ளிவிட்டது உதவவில்லை. எல்லோருக்குமான சட்டம்தான் உயிர்களைக் காத்தது. துர்கைம் பூச்சிமருந்து பற்றி யோசித்தவர் இல்லை. ஆனால் தற்கொலையைச் சமூகத்தின் பொறுப்பாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒட்டன்சத்திரம் தோட்டத்து வீட்டுக்கும் வேடசந்தூர் மில் விடுதிக்கும் அது பொருந்தும்.

(மன உளைச்சல் இருந்தால் தயங்காமல் பேசுங்கள்: தமிழக அரசின் உதவி எண் 104, டெலி மானஸ் 14416.)